இனிப்பு டப்பாவில் தொடங்கி ராகி முத்தேயில் முடிந்த கோழிக்குழம்பு

ஒரு கிலோ பீநட் பட்டர் டப்பா எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று மாதமாகக் குடியிருந்தது. மகள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவாள் என்று தள்ளுபடி விலையில் நான்தான் வாங்கி வந்தேன். இரண்டு வாரம் சாப்பிட்டாள். அப்புறம், "போதும்ப்பா, தொண்டையில ஒட்டுது" என்று நகர்த்தி வைத்துவிட்டாள். முக்கால் டப்பா அப்படியே நின்றது. மனைவி தயிர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதை வெளியே எடுத்து மேடைமேல் வைப்பாள், தயிரை எடுப்பாள், மறுபடி அதை உள்ளே தள்ளுவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதைக் கோழியில் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று இறங்கினேன். மேற்கு ஆப்பிரிக்காவில் நிலக்கடலை விழுதில் கோழி, ஆடு எல்லாம் சமைப்பார்கள், செனகல், மாலி பக்கம் அதற்கு மாஃபே என்று பெயர் என்பது எப்போதோ படித்து மனதில் இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை நம் கோழிக்குழம்பு அனுபவம் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம்.

வழக்கமான குழம்புதான் வைத்தேன். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மல்லித்தூள், மிளகாய்த்தூள், கடைசியில் கரம் மசாலா. தேங்காய் அரைத்து ஊற்றும் இடத்தில் பீநட் பட்டர். பத்து மேசைக்கரண்டி, ஏறத்தாழ 150 கிராம். நன்றாகக் கரைந்தது, நிறமும் வந்தது. அகப்பையில் எடுத்து ருசி பார்த்தேன். இனிப்பு. லேசான இனிப்பு என்றால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சமாளித்திருப்பேன். இது முந்திரிப் பாயசத்தில் கோழி தவறி விழுந்தது போல இருந்தது. உப்பைக் கூட்டினேன், மிளகாய்த்தூளைக் கூட்டினேன், எலுமிச்சையும் பிழிந்தேன். இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நின்றன. மகள் மட்டும், "நல்லாத்தான்ப்பா இருக்கு, நூடுல்ஸ் சாஸ் மாதிரி" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு டப்பாவைத் திருப்பிப் படித்தேன். சமைக்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை. வறுத்த நிலக்கடலை, சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, உப்பு. நூறு கிராமில் சர்க்கரை 13 கிராம். அப்படியானால் நான் போட்ட 150 கிராமில் கிட்டத்தட்ட 20 கிராம். நான்கைந்து டீஸ்பூன் சர்க்கரையைக் கோழிக்குழம்பில் கொட்டியிருக்கிறேன். வேறு யாராவது கொட்டியிருந்தால் வீட்டில் சண்டையே நடந்திருக்கும்.

அந்தத் தாவரக் கொழுப்பு விஷயமும் கவனிக்க வேண்டியதுதான். நிலக்கடலையில் எடைக்குப் பாதி எண்ணெய். வெறுமனே அரைத்து வைத்தால் சில நாளில் எண்ணெய் மேலே மிதந்து, அடியில் விழுது இறுகிவிடும். அப்படிப் பிரியாமல் இருக்கத்தான், அறை வெப்பத்தில் உறைந்திருக்கும் ஒரு கொழுப்பைச் சேர்க்கிறார்கள். 1920-களில் அமெரிக்காவில் வந்த உத்தி இது. ரொட்டியில் தடவ வசதிதான். ஆனால் குழம்பு வைக்கிறவனுக்கு எண்ணெய் பிரிந்து மேலே வருவதுதானே வெந்ததற்கு அடையாளம்? என் சட்டியில் அரை மணி நேரம் கொதித்தும் மேலே ஒரு சொட்டு தெளியவில்லை. பழுப்பு நிறக் கூழாகவே கடைசி வரை இருந்தது.

சரி, கடலையை நாமே வறுத்து அரைப்போம் என்று முடிவு செய்தேன். அந்த வாரம் பார்த்து பெங்களூரின் பசவனகுடியில் கடலேகாயி பரிஷே. கன்னடர்களின் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை நடக்கும் நிலக்கடலைத் திருவிழா அது. நம் கார்த்திகைக்கும் அவர்கள் கணக்குக்கும் நாள் கொஞ்சம் முன்பின் இருக்கும். புதுக் கடலையை மேய்ந்துகொண்டிருந்த காளையைச் சாந்தப்படுத்த, முதல் விளைச்சலை அதற்கே படைப்பதாக உழவர்கள் நேர்ந்துகொண்ட கதைதான் தொடக்கம் என்பார்கள். பெரிய நந்தி இருக்கும் அந்தக் கோயிலைச் சுற்றி, புல் டெம்பிள் ரோடு நெடுக, இரண்டு பக்கமும் கடலைக் குவியல். வறுத்தது, அவித்தது, பச்சை, சின்னப் பருப்பு, பெரிய பருப்பு, மூன்று பருப்புக் காய். சேர் கணக்கில் அளந்து போடுகிறார்கள். நான் தமிழில் பேரம் பேச, அந்த அம்மா தெலுங்கில் மறுக்க, பக்கத்துக் கடைக்காரர் கன்னடத்தில் பஞ்சாயத்து செய்து வைத்தார். மூன்று சேர் பச்சைக் காய் வாங்கிக்கொண்டு, கம்மனஹள்ளி வீட்டுக்கு வந்து சேர ராத்திரி பத்து மணி.

அந்தக் காய்தான் என்னை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில் கவிழ்த்தது.

உரித்து, இரும்புக் கடாயில் நடுத்தரத் தீயில் பன்னிரண்டு நிமிடம் வறுத்தேன். தோலில் கரும்புள்ளிகள் விழுந்தன. ஆகிவிட்டது என்று இறக்கினேன். ஆறிய பிறகு கசக்கினால் தோல் பாதிதான் கழன்றது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மிக்ஸியின் சின்ன ஜாரில் இரண்டு கை போட்டு ஓட்டினேன். முதலில் பொடி. அப்புறம் ஈரப் பொடி. அதற்கப்புறம் பொடி எல்லாம் ஒன்று திரண்டு, சப்பாத்தி மாவு மாதிரி ஒரே உருண்டையாக பிளேடின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிளேடு அடியில் சும்மா சுற்றுகிறது, உருண்டை மேலே நகரவே இல்லை. இளக்குவோம் என்று இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டேன். இளகுவதற்குப் பதிலாக இன்னும் இறுகியது. விடாமல் ஓட்டினேன். கம்பி சுட்ட வாசனை ஒன்று வந்தது, மிக்ஸி பட்டென்று நின்றது.

மிக்ஸி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மனைவி வந்து பார்த்தாள், மிக்ஸியைச் சாய்த்து அடியில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். மோட்டார் அளவுக்கு மீறிச் சுமை இழுத்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான் அது. இருபது நிமிடம் ஆறவிட்டு, அதை உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். பத்து வருடமாக அந்த மிக்ஸி வீட்டில் இருக்கிறது. அதன் வயிற்றில் அப்படி ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். மனைவிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எத்தனை முறை அழுத்தினாளோ, என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு ஸ்பூன் கடலெண்ணெய் விட்டு எப்படியோ ஒரு நறநறப்பான விழுதைத் தேற்றினேன். பச்சை வாசனை போகவில்லை, குக்கரில் வேகும்போது போகும் என்று நம்பினேன். கோழி, விழுது, தக்காளி, தண்ணீர் எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு மூடினேன். மூன்று விசில் என்று கணக்கு. முதல் விசில் வருவதற்குள்ளேயே தீய்ந்த வாசனை வந்துவிட்டது. திறந்தால் மேலே கோழி வேகாமல் வெளுத்துக் கிடக்கிறது, அடியில் அரை அங்குலத்துக்குக் கருகிய கடலைப் பாறை. கெட்டியான குழம்பு குக்கருக்குள் புரளாது. தண்ணீர் மேலும் கீழும் ஓடினால்தான் சூடு பரவும், நீராவியும் எழும். கூழ் அப்படியே நிற்கும், அடியில் இருப்பது மட்டும் கருகும். அந்தக் குக்கரைச் சோப்புத் தண்ணீர் கொதிக்கவைத்து இரண்டு நாள் சுரண்டினேன். அன்றைக்கு மதியம் தயிர்சாதம்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா செஞ்சி பக்கத்தில் எங்கள் ஊரில்தான் இருக்கிறாள். அங்கே நிலக்கடலை என்று யாரும் சொல்வதில்லை, மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. கதையை முழுக்கக் கேட்டாள்.

"காய வெச்சியாடா?"

"வறுத்தேம்மா."

"வறுக்கறது அப்புறம். காய வெச்சியா? காயைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாரு. கலகலன்னு சத்தம் வந்தா காஞ்சிருக்கு. சத்தம் வரலன்னா ஈரம்."

மிச்சமிருந்த காயில் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினேன். சத்தமே இல்லை. ஓட்டுக்குள் பருப்பு நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மொத்தக் குழப்பமும் பிடிபட்டது. கடலை விழுது என்பது எண்ணெயில் மிதக்கும் மிக நுண்ணிய கடலைத் துகள்கள். தண்ணீரே இல்லாதவரை அவை வழுக்கிக்கொண்டு ஓடும். கொஞ்சம் தண்ணீர் பட்டால் துகளில் இருக்கும் மாவுச்சத்தும் புரதமும் அதை உறிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விழுது களியாகிவிடும். நிறையத் தண்ணீர் சேர்ந்தால் நிலைமை தலைகீழ். இப்போது தண்ணீர்தான் நிறைய, எண்ணெய் சின்னச் சின்னச் சொட்டாகிப் பால் போல அதில் கலந்துவிடும். ஆக, துளியும் ஈரம் இல்லாமல் இருந்தால் சரி, நிறைய இருந்தாலும் சரி. நடுவில்தான் வம்பு. ஈரக் கடலையை அரைத்ததும் நடுவில் மாட்டியது, இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டதும் நடுவில் மாட்டியது. தேங்காயை இப்படி யோசித்து யாரும் அரைப்பதில்லை. அதனால்தான் தேங்காய்க் கணக்கு இங்கே உதவவில்லை.

அம்மா போனை வைக்கவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மல்லாட்டை மூட்டைகள் வண்டி கட்டிப் போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். 19-ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கத்துக் கடலை பாண்டிச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்துக்கு எண்ணெய் ஆட்டப் போயிருக்கிறது. செனகல் கடலையும் அதே மார்செய்க்குத்தான் போனது. இரண்டு ஊர்க்காரர்களும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரே பயிரைப் பயிரிட்டு, ஒரே வெள்ளைக்காரனிடம் விற்றிருக்கிறார்கள். அவர்கள் அதில் கோழிச்சாறு வைத்தார்கள். நாம் சட்னி அரைத்தோம்.

மூன்றாவது வாரம் பரிஷே காயை மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் போட்டேன். பெங்களூரின் நவம்பர் வெயிலை நம்பி எதையும் காயவைக்க முடியாது, நான்காம் நாள் மேகம் வந்துவிட்டது. கடைசியில் மளிகைக் கடையில் காய்ந்த பருப்பே அரை கிலோ வாங்கினேன். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட வேண்டும். கடலைப் பூஞ்சையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும், அது வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஒரு கைப்பிடி கழிந்தது. கழிந்ததற்கு ஈடாகத் தனியாகக் கொஞ்சம் சேர்த்து, சரியாக 500 கிராம் நிறுத்து வைத்தேன்.

இந்த முறை சின்னத் தீ. இருபது நிமிடம் நின்று கிளறினேன். பதினைந்தாவது நிமிடத்தில் பருப்பு படபடவென வெடிக்க ஆரம்பிக்கும். அப்போது ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து உள்ளே பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் இன்னும் வறுக்கலாம், உள்ளேயும் வெளிறிய பொன்னிறம் வந்திருந்தால் உடனே தட்டில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். கடாயிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசக்கும். கை பொறுக்கும் சூட்டில் கசக்கினேன். தோல் முழுக்க உதிர்ந்தது. வீட்டில் முறம் இல்லை. பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஊதினேன், புடைத்தேன். காற்று திடீரென்று திசை மாறியது. தோல் மொத்தமும் கொடியில் காய்ந்த ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

சட்டைக்காரர் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் கானா நாட்டு மாணவர். குமாசி ஊர்க்காரர். இந்த ஊரில் எல்லோரும் கூப்பிடுவதைப் பார்த்து அவரும் என்னை அண்ணா என்பார். மன்னிப்புக் கேட்கப் போனால், அவர் சட்டையை விட்டுவிட்டுத் தட்டைத்தான் பார்த்தார். என்ன செய்கிறேன் என்று சொன்னதும் முகம் மாறியது. அவர்கள் மொழியான ட்வியில் அதற்கு ‘ன்கடென்க்வான்’ என்று பெயராம். ‘ன்கடெ’ என்றால் நிலக்கடலை, ‘ன்க்வான்’ என்றால் சாறு. குக்கர் கதையைச் சொன்னேன். சிரித்துத் தீர்த்த பிறகு மூன்று விஷயம் சொன்னார். கோழியை முதலில் தனியாக, நீர்த்த சாறில் வேகவிட வேண்டும். தக்காளியை முழுசாக அந்தச் சாறிலேயே போட்டு, வெந்ததும் எடுத்து அரைக்க வேண்டும். கடலை விழுதைத் தக்காளியோடு சேர்த்து எண்ணெய் விடும்வரை வதக்கிய பிறகுதான் சாறை ஊற்ற வேண்டும். மல்லித்தூளும் கரம் மசாலாவும் போட்டதாகச் சொன்னபோது ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் இஞ்சி, வெங்காயம், தக்காளி, நல்ல காரமான மிளகாய் இவற்றோடு நிறுத்திக்கொள்வார்களாம். புகைபோட்ட மீன் துண்டும் சிலர் போடுவார்களாம். எனக்குக் கருவாடு ஞாபகம் வந்தது. வீட்டில் அடுக்குமாடி அக்கம்பக்கத்தை நினைத்து அந்த யோசனையைக் கைவிட்டேன்.

தோல் நீங்கிய கடலையைத் தராசில் வைத்தேன், 446 கிராம் இருந்தது. ஈரமும் தோலும் போன எடை. சூடு ஆறுவதற்குள் அரைப்பதுதான் நல்லது, சூட்டில் எண்ணெய் சீக்கிரம் விடும். ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தினேன். பொடியானது. ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டியதும் உருண்டை திரண்டது. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது, கை சிவப்புப் பொத்தானைத் தேடியது. இந்த முறை உருண்டை தானாகவே உடைந்தது. நாலாவது ஓட்டத்தில் சத்தம் மாறியது, நறநறவென்று இருந்தது மொழுமொழுவென்று ஆனது. மூடியைத் திறந்தால் இட்லி மாவைவிட இளக்கமாக, பளபளவென்று ஓடுகிறது. தண்ணீரும் விடவில்லை, எண்ணெயும் விடவில்லை. விரலில் தொட்டு நக்கினேன். வேர்க்கடலை மிட்டாயில் வெல்லத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ அது.

கோழிக்கடையில் வழக்கமான கேள்வி: "வித் ஸ்கின்னா, வித்தவுட் ஸ்கின்னா?" தோலோடு, தொடையும் காலுமாக ஒரு கிலோ வாங்கினேன். நெஞ்சுக்கறி இந்தக் குழம்பில் கயிறாகிவிடும். நீளவாக்கில் நறுக்கிய ஒரு பெரிய வெங்காயம், தட்டிய இஞ்சி இரண்டு அங்குலம், பூண்டு எட்டுப் பல், உப்பு இரண்டு டீஸ்பூன். தண்ணீரே விடாமல் மூடிப் பத்து நிமிடம். கோழி தன் தண்ணீரை விட்டு, அதிலேயே கொதித்தது. அப்புறம் 800 மில்லி வெந்நீர், முழுத் தக்காளி நாலு, கீறாத பச்சைமிளகாய் இரண்டு. பதினைந்து நிமிடத்தில் தக்காளித் தோல் வெடித்துச் சுருண்டது. தக்காளியையும் கோழித் துண்டுகளையும் வெளியே எடுத்து வைத்தேன். கானாவில் முற்றிய கோழியாகப் போடுவார்கள், அது ஒரு மணி நேரம் கொதித்தாலும் தாங்கும். நம் கறிக்கோழி தாங்காது, எலும்பு தனியாக மிதக்கும். நாட்டுக்கோழியானால் எடுக்கவே வேண்டாம், கூடவே வேகட்டும். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் திறந்த சட்டியில் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. சென்னைக் கணக்கை நம்பினால் நாட்டுக்கோழி வேகாது.

மிளகாய்க்கு ப்யாடகி ஆறு, குண்டூர் இரண்டு. முதலாவது நிறத்துக்கு, இரண்டாவது காரத்துக்கு. வெந்நீரில் ஊறவைத்துத் தக்காளியோடு அரைத்துக்கொண்டேன்.

அடி கனமான சட்டியில் கடலெண்ணெய் இரண்டு கரண்டி. பொடியாக நறுக்கிய வெங்காயம் சிவந்ததும் தக்காளி அரைப்பு. அது சுண்டி ஓரம் விட ஆரம்பித்ததும் கடலை விழுது 150 கிராம். இங்கேதான் மறுபடியும் அந்தச் சங்கடமான நடுக்கட்டம் வருகிறது. தக்காளியின் ஈரம் பட்டதும் விழுது படக்கென்று இறுகியது, கரண்டியே நகரவில்லை. காரணம் தெரிந்தும் ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. தீயைக் குறைத்து, தட்டையான மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டித் திருப்பிக்கொண்டே இருந்தேன். அல்வா கிண்டும் வேலை இது. ஏழெட்டு நிமிடத்தில் களி ஓரத்தைவிட்டு விலகியது. பத்தாவது நிமிடத்தில் சட்டியின் விளிம்பில் ஒரு ஈர மினுமினுப்பு. தொட்டுப் பார்த்தேன், எண்ணெய்தான்.

சாறை ஒரு கரண்டி ஊற்றினேன், இறுகியது. இரண்டாவது கரண்டிக்கும் இறுகியது. மூன்றாவதில் கட்டி கட்டியாக உடைந்து, பார்க்கத் திரிந்த பால் மாதிரி அசிங்கமாக இருந்தது. நாலாவது கரண்டி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றியதும், யாரோ உள்ளிருந்து பிடியை விட்டது மாதிரி மொத்தமும் இளகி மழமழவென்று ஆகிவிட்டது. அந்த ஒரு நொடியைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை செய்யலாம். சாறு சூடாக இருக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மிச்சத்தையும் அப்படியே ஊற்றி முடித்தேன்.

மீதி எல்லாம் பொறுமைதான். சின்னத் தீயில் இருபத்தைந்து நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியைச் சுரண்டல். கெட்டியாக ஆக ஆகக் குழம்பு தப் தப் என்று குமிழ் உடைத்துத் தெறிக்கும், புறங்கையில் பட்டால் சுள்ளென்று ஒட்டிக்கொள்ளும். மூடியைச் சாய்த்து மூடினால் தப்பிக்கலாம். இருபதாவது நிமிடத்தில் மேலே செம்மண் நிறத்தில் சின்னச் சின்ன எண்ணெய்க் கண்கள் திறந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின. டப்பா விழுதில் வராத எண்ணெய் இதுதான். கோழியைத் திரும்பப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கறிவேப்பிலை தாளிக்கலையா?"

"இதுக்குத் தாளிப்பு கிடையாது."

"தாளிக்காத குழம்பு ஒரு குழம்பா?" என்று கேட்டுவிட்டுப் போய் ராகி மாவை எடுத்தாள். அது நான் எதிர்பார்க்காதது. சோற்றுக்குத்தான் வைத்திருந்தேன். அவள் பிறந்து வளர்ந்தது பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பாட்டியிடம் முத்தே கிண்டக் கற்றவள். எங்கள் ஊரில் கேழ்வரகுக் களி என்போம், பக்குவம் சற்று வேறு. ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர், கொதிக்கும்போது மாவைக் குவித்துக் கொட்டி, கிளறாமல் மூடி வேகவிட்டு, அப்புறம் கோலால் அடித்துக் கிண்டுவாள். ஈரக் கையால் உருட்டினால் ஆரஞ்சுப் பழ அளவில் பளிங்கு மாதிரி உருண்டை.

மாடியிலிருந்து மாணவரைக் கூப்பிட்டோம். விருந்தாளி யாராக இருந்தாலும் இதில் கடலை இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, சிலருக்கு ஒவ்வாமை கடுமையாக இருக்கும். இவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. தட்டில் முத்தேயைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு துண்டைக் கிள்ளி, கட்டைவிரலால் குழி போட்டு, குழம்பில் முக்கி, மெல்லாமல் அப்படியே விழுங்கினார். மனைவி என்னைப் பார்த்தாள். முத்தேயை மெல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லித்தந்தது அந்த ஸ்ரீராமபுரத்துப் பாட்டி. எங்கள் கல்யாணமான முதல் வாரம் நான் மென்று தின்றதைப் பார்த்துச் சிரித்தவள் மனைவி. கானாவில் ஃபூஃபூ என்று மரவள்ளிக் கிழங்கும் வாழைக்காயும் இடித்துச் செய்வார்களாம், அதையும் இப்படித்தான் விழுங்குவார்களாம். சோற்றையே குழைய மசித்து உருண்டை பிடித்து, ஓமோ டுவோ என்று, இதே சாறில் போட்டும் சாப்பிடுவார்களாம்.

குழம்பைப் பற்றி அவர் சொன்னது: ருசி சரி, ஆனால் கெட்டி. "இது சாறு அண்ணா, சட்னி இல்லை." இரண்டு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டோம், உப்பு ஒரு சிட்டிகை கூட்டினோம். அவர் சொன்னதுதான் சரி. நீர்த்த பிறகுதான் கோழியின் ருசி வெளியே வந்தது, அதுவரை கடலை அதை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு ஸ்பூனில் மட்டும் எலுமிச்சை பிழிந்து பார்த்தேன். தேவையில்லை, தக்காளிப் புளிப்பே போதும். இன்னொரு தடவை செய்யும்போது விழுதை 120 கிராமாகக் குறைப்பேன், குண்டூர் மிளகாயை மூன்றாக்குவேன்.

மிச்சக் குழம்பு ராத்திரி ஃபிரிட்ஜுக்குப் போய், திங்கட்கிழமை காலையில் அல்வாத் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. பச்சைத் தண்ணீர் விடாமல் வெந்நீர் விட்டுச் சின்னத் தீயில் இளக்கினால் பழையபடி வந்துவிடுகிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மனைவி அதில் பாதியைத் தனியாக எடுத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியிருந்தாள். தோசைக்கு இரண்டையும் வைத்துத் தின்று பார்த்தேன். தாளித்ததுதான் முதலில் காலியானது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்த டப்பாவில் இன்னும் 600 கிராம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும்.